மணை, முக்காலி, ஸ்டூல்: இடத்தை மிச்சப்படுத்தும் இருக்கையின் வரலாறு

தமிழில் இருக்கைகளுக்குக் கால்களை எண்ணிப் பெயரிட்டிருக்கிறார்கள். நான்கு கால் உடையது நாற்காலி. மூன்று கால் உடையது முக்காலி. காலே இல்லாததும், இருந்தும் எண்ணத் தேவையில்லாத அளவுக்குக் குட்டையானதும் மணை எனப்பட்டன. பிற்காலத்தில் முதுகுச் சாய்வில்லாத நான்கு கால் இருக்கையையும் முக்காலி என்றே எழுதும் வழக்கம் வந்தது. பேச்சில் ஸ்டூல் என்ற சொல் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. மூன்று சொற்களுக்கும் இடையே உயரம் கூடிக்கொண்டே போகிறது. அந்த உயரத்தின் கதைதான் இங்கு முதன்மையானது.

இன்றைய அறைகலன் விளம்பரங்களில் ‘சிறு வீடுகளுக்கான புதுமை’ என்று மடக்கு ஸ்டூலும் அடுக்கு ஸ்டூலும் முன்வைக்கப்படுகின்றன. வேலை முடிந்ததும் மடித்துச் சுவரோரம் சாய்த்துவிடலாம் என்பது அவற்றின் பெருமை. ஆனால், வேலை முடிந்ததும் சுவரோரம் சாய்த்து வைப்பதற்கென்றே செய்யப்பட்ட இருக்கை இந்த நாட்டு வீடுகளில் நெடுங்காலமாக இருந்திருக்கிறது. மணையைச் சாய்த்து வைப்பார்கள்; பாயைச் சுருட்டி மூலையில் நிறுத்துவார்கள்; கயிற்றுக்கட்டிலைப் பகலில் நிமிர்த்திச் சுவரில் சாத்துவார்கள். ஒரே கூடம் காலையில் சமையலுக்கும் நண்பகலில் உணவுக்கும் இரவில் உறக்கத்துக்கும் பயன்பட்ட வீட்டில், பொருள்கள் விலகி நிற்கக் கற்றிருந்தன. அறைக்கொரு பயன், பயனுக்கொரு அறைகலன் என்ற ஏற்பாடு பின்னால் வந்தது. அது வந்த பிறகுதான் வீடு ‘சிறியதாக’ ஆயிற்று.

ஐதராபாத்தின் கிழக்குப் புறத்தில், நாச்சாரத்துக்கும் மௌலாலிக்கும் அருகே, மல்லாபூர் என்னும் பகுதி இருக்கிறது. தொழிற்பேட்டையும் குடியிருப்புகளும் நெருங்கி அமைந்த பகுதி அது. மல்லாபூரை உள்ளடக்கிய காப்ரா நகராட்சி 2007ஆம் ஆண்டில் பெருநகர ஐதராபாத் மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டது. அதன் பின் அடுக்ககங்கள் பெருகின. வீடுகள் உயர்ந்தன, கூடங்கள் சுருங்கின. அத்தகைய வீடொன்றின் சமையலறையில் இரண்டு இருக்கைகளை அடுத்தடுத்துக் காண்பது அரிதன்று: ஒன்று, மேல்தட்டிலுள்ள டப்பாவை எடுக்க ஏறி நிற்கும் பிளாஸ்டிக் ஸ்டூல், மற்றது, பாட்டி காலத்துக் கத்திப்பீட்ட.

கத்திப்பீட்ட என்பது நம் அரிவாள்மணைதான். தெலுங்கில் கத்தியோடு ‘பீட்ட’ என்ற சொல் சேர்ந்திருக்கிறது. தமிழில் அரிவாளோடு ‘மணை’ சேர்ந்திருக்கிறது. இரு மொழிகளும் அந்தக் கருவியை வெட்டும் பொருளாக மட்டும் பார்க்கவில்லை. பலகையை விடாமல் பெயருக்குள் கொண்டுவந்திருக்கின்றன. அதில் ஒரு பொறியியல் உண்மையும் இருக்கிறது. பலகையின் மீது அமரும் அல்லது அதைக் காலால் அழுத்தும் உடலின் எடையே அலகை அசையாமல் பிடிக்கும் பற்றுக்கருவி ஆகிறது. இரு கைகளும் காய்க்கு விடப்படுகின்றன. மேசை வேண்டாம், வெட்டுப்பலகை வேண்டாம். அலகு மடங்கிப் பலகையோடு படியும் வகையும் உண்டு. தேங்காய் துருவும் மணையும் இதே கொள்கையில் பிறந்ததே. ‘பல பணி இருக்கை’ என்று இன்று தனிப் பிரிவாக விற்கப்படுவதற்கு இதைவிடத் தெளிவான முன்னோடி இல்லை.

ஆயினும் மணையைப் பற்றிப் பெருமிதத்தோடு மட்டும் பேசிவிட்டுப் போக இயலாது. மணையில் அமர்ந்து மணிக்கணக்காகக் காய் நறுக்கியவர் யார் என்ற வினா எஞ்சுகிறது. திருமணத்தில் மணமக்களை மணையில் அமர்த்துவது மதிப்பு; தெலுங்குத் திருமணத்திலும் மணமக்கள் அமர்வது பீட்டயின் மீதே. விருந்தினருக்கு மணை போடுவதும் மதிப்பு. அதே மணை அடுக்களையில், புகைக்கும் அடுப்புக்கும் அருகே, பெண்ணின் நிலையான இடமாகவும் இருந்தது. மேலும், இருக்கையின் உயரம் இந்தச் சமூகத்தில் ஒருபோதும் வெறும் அளவாக இருந்ததில்லை. அமராவதிச் சிற்பங்களில் உயர்ந்த ஆசனத்தில் இருப்பவருக்கு முன்னால், கால் வைப்பதற்கென்று தனியாக ஒரு சிறு பீடம் இருக்கிறது. ஒருவர் அமரத்தக்க உயரம் இன்னொருவரின் காலுக்கு உரியதாக இருந்தது என்பதைக் கல்லே காட்டுகிறது.

வீட்டுக்குள் இடமே பிடிக்காத இருக்கை ஒன்றும் இருந்தது: திண்ணை. தெலுங்கில் அது ‘அருகு’. சுவரோடு சேர்த்துக் கட்டப்பட்டதால் எடுக்கவும் வைக்கவும் வேண்டியதில்லை; வழிப்போக்கரும் அமரலாம் என்பது அதன் புகழ். அந்த ‘வழிப்போக்கர்’ என்ற சொல்லுக்குள் சாதியின் வேலி இருந்ததையும் சேர்த்துச் சொன்னால்தான் வரலாறு முழுமையாகும். திண்ணையில் அமரத்தக்கவர், திண்ணைக்குக் கீழே நிற்கவேண்டியவர், தெருவுக்கே வரக்கூடாதவர் என்று வரிசை இருந்தது. தெலங்கானாவில் நிலக்கிழாரான தொரையின் ‘கடீ’ என்னும் மாளிகைக்கு முன்னால் அந்த வரிசை இன்னும் கடுமையானது. ‘அடிமை நான், தொரையே, உன் காலைத் தொழுகிறேன்’ என்ற பொருளில் அமைந்த ‘பாஞ்சன் தொரா, நீ கால்மொக்தா’ என்ற வழக்கு இன்றும் அந்த மக்களின் நினைவில் இருக்கிறது. அத்தொடரைச் சொல்லிக்கொண்டு நாற்காலியில் அமர முடியாது. அதன் இலக்கணமே தரையைக் கேட்கிறது. 1946 முதல் 1951 வரை நடந்த ஆயுதப் போராட்டம் நிலத்துக்கும் வெட்டி வேலை ஒழிப்புக்குமானது என்று எழுதப்படுகிறது. நிமிர்ந்து நிற்பதற்கும் நிகராக அமர்வதற்குமான போராட்டமாகவும் அதை வாசிக்கலாம்.

மடங்கும் இருக்கையின் தொடக்கமும் எளியோர் வீட்டில் இல்லை. எகிப்தில் 1922இல் திறக்கப்பட்ட துட்டன்காமூன் கல்லறையில் மடக்கு இருக்கைகள் கிடைத்தன; அவற்றின் கால்நுனிகள் வாத்துத் தலைகளாகச் செதுக்கப்பட்டிருந்தன. இரு சட்டங்கள் நடுவில் குறுக்கிட்டு ஓர் அச்சில் சுழல்வதும், மேலே தோல் இழுபட்டு நிற்பதும் அன்றே முழுமை பெற்றுவிட்ட அமைப்பு. மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகியும் மீன்பிடிப்பவரும் தொடர்வண்டிப் பயணியும் பயன்படுத்தும் மடக்கு ஸ்டூலில் அடிப்படை மாறவில்லை. உரோமில் அது நீதி வழங்கும் அதிகாரிகளின் அடையாளம். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் சீனத்தின் ஹான் பேரரசர் லிங், மேற்கிலிருந்து வந்த மடக்கு இருக்கையை விரும்பியதாக அந்நாட்டு வரலாறுகள் சொல்கின்றன. தரையில் அமர்ந்த சீனர்கள் அடுத்த சில நூற்றாண்டுகளில் படிப்படியாக நாற்காலிக்கு மாறியதில் இந்த வெளிநாட்டு ஸ்டூலுக்கும் பங்குண்டு. எங்கும் அதன் தேவை ஒன்றே: அதிகாரம் இடம்பெயரும்போது இருக்கையும் உடன் பெயர வேண்டும்.

மல்லாபூருக்கு மேற்கே சில கல் தொலைவில் இருக்கும் செகந்தராபாத் அத்தகைய தேவையில் பிறந்த ஊர். 1806இல் நிஜாம் சிக்கந்தர் ஜாவின் பெயரால் அமைந்த அந்தப் பாசறை நகரம், ஆங்கிலேயரின் பெரும் படைமுகாம்களில் ஒன்றாயிற்று. படை நகரும்போது அதிகாரியின் கட்டிலும் மேசையும் நாற்காலியும் கழற்றி மூட்டையாகி விலங்குகளின் முதுகில் ஏறின. இந்த மரபின் மிகச் செம்மையான வடிவம், வடக்கே ரூர்க்கியிலிருந்த பொறியாளர் படையின் பெயரைத் தாங்கிய ரூர்க்கி நாற்காலி. 1898ஐ ஒட்டிய காலத்தது. அதில் ஆணி இல்லை, பசை இல்லை. கால்களின் துளைகளில் குறுக்குச் சட்டங்கள் தளர்வாகச் செருகப்படும். அமர்பவரின் எடையும் தோல்வாரின் இழுவையும் சேர்ந்து அதை இறுக்கும். மேடுபள்ளமான தரையிலும் நான்கு கால்களும் படியும். டென்மார்க்கின் கோரே கிளிண்ட் 1933இல் வடிவமைத்த சஃபாரி நாற்காலி இதன் நேர் வழித்தோன்றல். இன்று ‘ஸ்காண்டிநேவிய எளிமை’ என்ற பெயரில் இந்திய நகரங்களுக்குத் திரும்பி வரும் அறைகலனில் ஒரு பகுதி இந்தியப் பாசறையிலிருந்து புறப்பட்டது என்பது விற்பவருக்கும் வாங்குபவருக்கும் பெரும்பாலும் தெரிவதில்லை.

ஒரே பலகையைப் பிளந்து, இணைப்புத் துண்டு எதுவுமின்றி மடியச் செய்யும் உள்நாட்டுத் தச்சுத் திறமும் இருந்தது. குர்ஆனை வைத்து ஓதும் ‘ரிஹால்’ பலகை அதற்குச் சான்று. நடுவிலே விரல்கள் கோத்ததுபோல் அறுக்கப்பட்ட அதன் கீல், மரத்திலேயே பிறந்து மரத்திலேயே சுழல்கிறது. விரித்தால் தாங்கி, மடித்தால் ஒற்றைப் பலகை. அந்த நுட்பம் நூலுக்குக் கிடைத்த அளவுக்கு மனிதரின் முதுகுக்குக் கிடைக்கவில்லை.

மடிப்பது ஒரு வழி. அடுக்குவது வேறு வழி. பொருளைப் பிரித்து அடுக்கி அனுப்புவதில் ஆஸ்திரியாவின் தோனெட் நிறுவனம் 1859இல் பெரும் பாய்ச்சலைக் காட்டியது. அதன் 14ஆம் எண் வளைமர நாற்காலியின் பாகங்கள் ஆறு. அவற்றைப் பிரித்தால் ஒரு கன மீட்டர்ப் பெட்டியில் 36 நாற்காலிகள் அடங்கின. ஆனால் அங்கே மிச்சமானது கப்பலின் இடம்; வீட்டின் இடமன்று. வீட்டிலும் கூடத்திலும் அன்றாடம் அடுக்கி எடுக்கக்கூடிய ஸ்டூலுக்கு இலக்கணம் வகுத்தவர் பின்லாந்தின் அல்வர் ஆல்டோ. 1933இல் அவர் வடிவமைத்த மூன்று கால் ஸ்டூல், வீபுரி நகர நூலகத்தின் விரிவுரைக் கூடத்தில் இடம்பெற்றது. பிர்ச் மரக் காலின் மேல்நுனியை நீளவாக்கில் மெல்லிய கீற்றுகளாக அறுத்து, இடையே மெல்லிய மரத்தாள்களைப் பசையிட்டுச் செருகி, செங்கோணமாக வளைத்தார். வளைந்த கால் நேராக வட்டப் பலகையின் அடியில் திருகப்பட்டது. கால்கள் விளிம்பை ஒட்டி வெளியே நிற்பதால் ஒன்றின்மேல் ஒன்றைச் சற்றே திருப்பி வைக்க முடிந்தது. அடுக்க அடுக்க அது சுழலும் கோபுரம்போல் உயர்ந்தது. முக்காலியின் பழைய அறிவும் அதில் இருக்கிறது: மூன்று புள்ளிகள் எப்போதும் ஒரே தளத்தில் அமையும், ஆகவே முக்காலி தரையில் ஆடாது. விளிம்பில் அமர்ந்தால் கவிழும் என்பது அதன் மறுபக்கம்.

1954இல் ஜெர்மனியின் உல்ம் வடிவமைப்புப் பள்ளியில் மாக்ஸ் பில்லும் ஹான்ஸ் குகெலோட்டும் செய்த ஸ்டூல், இவற்றையெல்லாம் விட நம் மணைக்கு நெருங்கியது. மூன்று பலகைகள், ஓர் உருளைக் கம்பு, அவ்வளவே. நிறுத்தினால் ஒருவர் அமரலாம்; பக்கவாட்டில் வைத்தால் சிறு மேசை; கவிழ்த்தால் நூல் சுமக்கும் தட்டு; ஒன்றின்மேல் ஒன்று வைத்தால் நூலடுக்கு. கம்பு கைப்பிடி ஆகும். பள்ளியில் பணம் குறைவு. மாணவர்கள் தத்தம் ஸ்டூலை விடுதியிலிருந்து வகுப்புக்கும் வகுப்பிலிருந்து உணவுக்கூடத்துக்கும் தூக்கிச் சென்றார்கள். வறுமை வடிவமைப்பைச் செம்மைப்படுத்திய இடங்களில் அதுவும் ஒன்று. அதே குகெலோட் 1965இல் அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்புக் கழகத்துக்கு வந்து பணியாற்றினார், அவ்வாண்டிலேயே மறைந்தார். சார்ல்ஸ், ரே ஈம்ஸ் இணையர் 1958இல் அளித்த ‘இந்திய அறிக்கை’யை அடுத்து 1961இல் தொடங்கப்பட்ட கழகம் அது. ஈம்ஸ் இணையர் அந்த அறிக்கையில் லோட்டா என்னும் செம்பைக் கொண்டாடினார்கள். அது தகும். மணைக்கும் அதே தகுதி உண்டு என்று எழுத அவர்களுக்கு வாய்க்கவில்லை.

ஐதராபாத்தில் இதற்கிடையே எஃகு வந்துவிட்டிருந்தது. நிஜாம் அரசின் தொழில் அறநிதியின் பங்கேற்புடன் 1942இல் தொடங்கிய ஆல்வின் நிறுவனம், குளிர்பதனப் பெட்டிக்கும் பேருந்துக்கும் பெயர்பெறும் முன்பே உலோக அறைகலனில் கைவைத்தது. எஃகு பீரோவும் எஃகு ஸ்டூலும் அலுவலகத்திலிருந்து வீட்டுக்குள் நுழைந்தன. ஆனால் எளிய வீட்டின் இருக்கையை மாற்றியது எஃகன்று, பிளாஸ்டிக்.

1968இல் பிரான்சின் ஆன்றி மஸோனே ‘தாம் தாம்’ என்ற ஸ்டூலைச் செய்தார். உடுக்கை போன்ற உருவம். மேலும் கீழும் இரண்டு கூம்பு ஓடுகள், ஒரு மூடி. கழற்றினால் மூன்றும் ஒன்றுக்குள் ஒன்று அடங்கும். மீன்பிடிப்பவர்களுக்காகத் திட்டமிட்டது, பாரிசின் வரவேற்பறைகளில் போய் அமர்ந்தது. அவரே 1972இல் ஒரே வார்ப்பிலான பிளாஸ்டிக் நாற்காலியையும் கொண்டுவந்தார். உலகெங்கும் திருமண மண்டபங்களில் கிடக்கும் வெள்ளை நாற்காலிகளின் மூதாதை அது. அதே 1968இல்தான் சென்னை கிண்டியில், ஐக்கிய நாடுகளின் வளர்ச்சித் திட்ட உதவியுடன், சிபெட் என்னும் மத்தியப் பிளாஸ்டிக் பொறியியல் பயிற்சி நிறுவனம் தொடங்கியது. அதன் ஐதராபாத் மையம் மல்லாபூருக்கு அண்மையிலுள்ள செர்லப்பள்ளித் தொழிற்பேட்டையில் இயங்குகிறது. அச்சு வடிப்பும் வார்ப்பும் கற்ற தொழிலாளர் பலர் இத்தகைய மையங்களிலிருந்து வந்தார்கள். 1990களில் வார்ப்பு அறைகலன் இந்தியச் சந்தையை நிறைத்தபோது, ஸ்டூல் தச்சரின் கையை விட்டு அச்சின் வாய்க்குப் போயிற்று.

அந்த மலிவான ஸ்டூலை ஏளனம் செய்வது எளிது. அதன் உடலில் இருக்கும் அறிவைக் கவனிப்பவர் குறைவு. அது மேலே குறுகி அடியில் விரிவதற்கு முதற்காரணம் அழகன்று. உருகிய பாலிப்புரொப்பிலீன் அச்சுக்குள் பாய்ந்து குளிர்ந்ததும் உள்ளே ஒட்டிக்கொள்ளாமல் நழுவி வெளிவர, சுவர்கள் சற்றே சாய்ந்திருக்க வேண்டும். அச்சிலிருந்து விடுபட உதவும் அதே சாய்வுதான் ஒரு ஸ்டூல் மற்றொன்றுக்குள் இறங்கவும் இடம் தருகிறது. அதனால் பத்து ஸ்டூல்கள் ஒன்றின் நிலப்பரப்பிலேயே நிற்கின்றன. கூடுதலாக வரும் ஒவ்வொன்றும் சில விரற்கடை உயரத்தையே சேர்க்கிறது. இருக்கையின் நடுவிலுள்ள துளை, விரலை விட்டுத் தூக்குவதற்கு மட்டுமானதன்று. நெருங்கிப் படிந்த இரண்டு ஸ்டூல்களுக்கு நடுவே காற்று புக வழியில்லாவிட்டால் மேலதைத் தூக்கும்போது கீழதும் பற்றிக்கொண்டு வரும். துளை அந்தப் பற்றை விடுவிக்கிறது. அது வட்டமாக இருப்பதும் தற்செயலில்லை. மூலையுள்ள துளையில் அழுத்தம் மூலையில் குவிந்து விரிசல் தொடங்கும். ஆல்டோ மரத்தை வளைத்துச் சாதித்ததை இந்த ஸ்டூல் அதன் விலையில் ஒரு சிறு துணுக்குக்குச் சாதித்துவிட்டது. வெயிலில் கிடந்தால் சில ஆண்டுகளில் வெளுத்து நொறுங்கும், நொறுங்கியதைச் சீராக்க முடியாது என்பதையும் கணக்கில் சேர்க்கத்தான் வேண்டும். மணை உடைந்தால் தச்சர் இருந்தார். உடையாத வரை மூன்று தலைமுறைக்கு இருந்தது.

இனி உயரத்துக்குத் திரும்பலாம். மணை தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தை எட்டுவதே அரிது. இன்றைய ஸ்டூல் ஏறத்தாழ 45 சென்டிமீட்டர்; ஆல்டோவின் ஸ்டூல் 44. முழங்கால் தேய்ந்த முதியவருக்கு இந்த வேறுபாடு பெரிது. தரையிலிருந்து எழ இன்னொருவரின் கை தேவைப்பட்டவர், ஸ்டூலிலிருந்து தாமே எழுகிறார். அத்துடன் வேறொன்றும் நடந்தது. முதலாளி, தொழிலாளி, விருந்தினர், கடன்காரர் எவருக்கும் ஒரே அச்சில் பிறந்த ஸ்டூல் ஒரே உயரத்தையே தந்தது. தேநீர்க் கடையின் வாசலில் அந்தச் சமன்பாடு பெருமளவு நடைமுறைக்கு வந்துவிட்டது. வீட்டுக்குள் வரவில்லை. வீட்டுப் பணியாளருக்குத் தனிக் குவளை ஒதுக்கும் வீடுகளில், ஐந்து ஸ்டூல்கள் அடுக்கி நின்றாலும் அவர் தரையில் அமர்ந்துதான் தேநீர் குடிக்கிறார். அங்கே குறைவாக இருப்பது சதுர அடி அல்ல.

தொழிற்கூடங்களின் நிலை சட்டத்தில் எழுதப்பட்டிருந்தது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்தின் 44ஆம் பிரிவு, நின்றுகொண்டே வேலை செய்யவேண்டிய தொழிலாளர்கள், வேலைக்கு இடையூறின்றி ஓய்வு கிடைக்கும் தருணங்களில் அமர்வதற்கு ஏற்ற வசதி செய்யப்பட வேண்டும் என்றது. மல்லாபூர்த் தொழிற்பேட்டையின் கூடங்கள் எழுந்தது அந்தப் பிரிவு நடப்பில் இருந்த காலத்தில். ஆனால் தொழிற்சாலைச் சட்டம் கடைக்குப் பொருந்தவில்லை. அங்கே செய்த ஸ்டூல், நகரத்துக் கடைக்கு விற்பனைக்குப் போகும்போது அந்தப் பிரிவின் எல்லையைக் கடந்துவிட்டது. துணிக்கடையிலும் பாத்திரக்கடையிலும் காலை முதல் இரவு வரை நிற்கும் பெண்களுக்கு அது உதவவில்லை. வீங்கிய கால்களும் புடைத்த நரம்புகளும் அந்த வேலையின் பகுதியாகவே கொள்ளப்பட்டன. 2010இல் வெளிவந்த வசந்தபாலனின் ‘அங்காடித் தெரு’ திரைப்படம் சென்னை ரங்கநாதன் தெருக் கடைகளின் ஊழியர் வாழ்வைத் திரைக்குக் கொண்டுவந்தபோதும் சட்டம் அசையவில்லை.

அசைத்தவர்கள் கோழிக்கோட்டுப் பெண்கள். தையல் தொழிலாளியான விஜியின் முன்முயற்சியில் உருவான ‘பெண்கூட்டு’ அமைப்பு, முதலில் கழிப்பறைக்காகவும் பின்னர் அமரும் உரிமைக்காகவும் ஆண்டுக்கணக்கில் போராடியது. கேரள அரசு 2018இல் கடைகள், வணிக நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி ஊழியருக்கு இருக்கையைக் கட்டாயமாக்கியது. தமிழ்நாடு 2021இல் தன் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் அதே நோக்கில் புதிய பிரிவைச் சேர்த்தது. வாடிக்கையாளர் வரும்போது ஊழியர் அமர்ந்திருப்பது மரியாதைக் குறைவாகத் தோன்றும் என்ற எண்ணம் அதுவரை கடைகளில் விதியாகவே நிலவியது; தொரையின் கடீ முன் நின்றவர்களுக்கும் ஏறத்தாழ அதே விதிதான்.

இடமில்லை என்று சொல்லும் கடைக்காரருக்கு ஆல்டோவின் அளவுகளைக் காட்டலாம். 38 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு வட்ட ஸ்டூல் தரையில் பிடிப்பது சுமார் 1.2 சதுர அடி. பத்துப் பேருக்கானவற்றை இரவில் அடுக்கி வைத்தாலும் அதே 1.2 சதுர அடிதான்.